புது வாட்சுக்குப் பழைய முகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதிரி பாகங்களை வாங்கித் தாங்களே வாட்ச் கட்டுபவர்கள் எண்ணிக்கை இப்போது கூடிவிட்டது. 1960-களின் டைவர் வாட்ச் (கடலில் மூழ்குபவர்களுக்கானது) மாதிரி டயல், அதற்கேற்ற முள், கறுப்புப் பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டிருப்பார்கள். மூடிக் கையில் கட்டினால் நேற்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைக் குறைப்பது பற்றித்தான் இந்தப் பக்கம்.

இங்கே சொல்வதெல்லாம் செய்கோவின் எஸ்.கே.எக்ஸ். டைவர் வாட்ச் வடிவக் கேஸ் (வெளிக்கூடு), அதற்குள் பொருந்தும் என்.எச்.35 மெஷின், 28.5 மி.மீ. டயல் என்று வெளிச்சந்தையில் கிடைக்கும் பாகங்களுக்கு. உண்மையிலேயே பழைய வாட்சுக்கு இதில் எதுவும் பொருந்தாது. ஏன் என்பது கீழே வரும்.

வாட்ச் தானாகப் பழசாகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பாகத்துக்குப் பாகம் வேறு. பழைய டைவர் பெசலின் மேல் பதித்த எண் வளையமான இன்செர்ட் அலுமினியம். அதன் மேல் ஆனோடைஸ் படலம் (மின்சாரத்தால் ஏற்றிய ஆக்சைடு அடுக்கு), படலத்தின் நுண்துளைகளில் சாயம். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் அந்தச் சாயம் வெளுக்கும். கறுப்பு, சாம்பலாகவோ கருநீலமாகவோ போகும். இதைத்தான் 'கோஸ்ட் பெசல்' என்கிறார்கள். டயலின் கறுப்பு, புற ஊதாக் கதிரிலும் ஈரத்திலும் பழுப்பாக மாறினால் 'டிராபிகல்' டயல்.

ஒளிரும் பூச்சான லூம் தனிக் கதை. 1960-களின் தொடக்கம்வரை ரேடியம் கலந்த பூச்சு, பிறகு 1990-களின் இறுதிவரை டிரிட்டியம். இரண்டிலும் ஒளியைத் தருவது துத்தநாக சல்ஃபைடு. அதைக் கதிரியக்கம் தூண்டிக்கொண்டே இருக்கும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12.3 ஆண்டு. ஆகவே 1970-இல் பூசியது இன்று ஏறக்குறைய அணைந்துவிட்டது. பூச்சின் நிறம் மட்டும் வெள்ளையிலிருந்து கிரீம், மஞ்சள், சில நேரம் பூசணி நிறம் என்று ஏறியிருக்கும்.

பித்தளையும் வெண்கலமும் காற்றோடும் வியர்வையோடும் வினைபுரிந்து நிறம் மாறும். துருவேறாத எஃகு நிறம் மாறாது. கீறும், முனை மழுங்கும், வியர்வை தேங்கும் இடத்தில் குழி விழும். அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறத்தை மட்டும் பார்த்து நகல் எடுத்தால் பொம்மை மாதிரிதான் வரும். வெயில் எங்கே பட்டது, விரல் எங்கே பிடித்தது, ஈரம் எங்கே நின்றது என்று யோசித்துச் செய்தால்தான் கண் நம்பும்.

எதிலிருந்து தொடங்குவது?

கண்ணாடியிலிருந்து. ரசாயனம் எதுவும் வேண்டாம். தட்டையான மினரல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேலெழும்பிய அக்ரிலிக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். ஓரத்தில் டயல் வளைந்து தெரியும், வெளிச்சம் மெத்தென்று விழும். பாதி வேலை முடிந்தது. சிறு கீறல்கள் இரண்டு மாதம் கட்டினால் தானாக விழும்; வேண்டுமென்றே கீற வேண்டியதில்லை. அக்ரிலிக் கிடைக்காவிட்டால், குவிந்த சஃபையரில் நீலப் பூச்சு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். அந்த நீலப் பிரதிபலிப்பு ஒன்றே புது வாட்ச் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது இன்செர்ட். விலை சில நூறு ரூபாய்தான், வீணானாலும் மனசு பதறாது.

இன்செர்ட்டை எப்படி வெளுக்க வைப்பது?

வீட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் திரவ பிளீச்தான். அதிலுள்ளது சோடியம் ஹைப்போகுளோரைட். கூடவே கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் இருக்கும். முன்னது சாயத்தைச் சிதைக்கும், பின்னது ஆனோடைஸ் படலத்தையே அரிக்கும். இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுபவர்கள்தான் "எண்களெல்லாம் மங்கிப்போச்சே" என்று வந்து நிற்கிறார்கள். எண்கள் பெரும்பாலும் சாயம் ஏறாத வெறும் அலுமினிய நிறம். அங்கே காஸ்டிக் வேலை செய்தால் பளபளப்புப் போய் சாம்பல் பூத்துவிடும்.

இன்செர்ட்டைப் பெசலிலிருந்து வளைக்காமல் கழற்ற வேண்டும். ஆனோடைஸ் படலம் கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியது. வளைந்தால் முடி போன்ற வெடிப்புகள் ஓடும், பிளீச் அந்த வெடிப்பு வழியாக இறங்கும். பன்னிரண்டு மணி இடத்தில் இருக்கும் ஒளிரும் முத்தை எடுத்துவிடுங்கள். பின்பக்கத்துப் பசையைத் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவுங்கள். விரல் எண்ணெய் இருந்த இடம் திட்டாக நின்றுவிடும்.

பிளாஸ்டிக் டப்பாவில் பிளீச்சுக்குச் சம அளவு தண்ணீர் கலந்து இன்செர்ட்டைப் போடுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு வெட்டிய ஓரங்களில், படலம் இல்லாத இடத்தில், ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஒட்டும். அது காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும்போது வரும் ஹைட்ரஜன். நிறம் அதற்குப் பிறகுதான் அசையும். கறுப்புச் சாயம் பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. அதில் ஒன்று முந்தி அழியும், அதனால் நடுவில் ஒரு கட்டத்தில் கருநீலமோ செம்பழுப்போ எட்டிப் பார்க்கும். அழகான கட்டம் அதுதான். அங்கேயே நிறுத்துங்கள்.

எத்தனை நிமிடம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனோடைஸ் செய்தபின் நுண்துளைகளை எவ்வளவு நன்றாக அடைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. சில இன்செர்ட் ஐந்து நிமிடத்தில் வெளுக்கும், சிலது அரை மணி நேரம் ஆனாலும் மசியாது. மசியாததைப் பார்த்துப் பொறுமையிழந்து தண்ணீர் கலக்காத பிளீச்சை ஊற்றினால் வெளுத்து வாங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி வெளிறும். அந்த ஒரு படிக்கு இடம் விட்டு எடுங்கள்.

முழுக்க ஒரே சீராக வெளுத்தது செயற்கையாகத்தான் தெரியும். ஆகவே முக்கி எடுத்ததோடு விடாமல், காது குடையும் பஞ்சுக்குச்சியில் பிளீச் தொட்டு இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒற்றலாம். கீறல் வேண்டுமென்றால் வெளுத்த பிறகு போடுங்கள். முதலிலேயே கீறினால், வெறும் உலோகம் தெரியும் அந்தக் கோட்டில் காஸ்டிக் புகுந்து கோட்டைப் பள்ளமாக்கிவிடும்.

சிவப்பு-நீல இன்செர்ட்டிலும் இதே முறையா?

முறை அதேதான், வேகம் வேறு. ஒரு பாதி இளஞ்சிவப்பாக ஓடும்போது மறுபாதி அசையாமல் இருக்கும். ஆகவே முக்காதீர்கள், பாதி பாதியாகப் பஞ்சால் ஒற்றுங்கள். இரண்டு நிறமும் சேரும் கோட்டில் பஞ்சு தாண்டிவிட்டால் மறைக்க வழியில்லை.

செராமிக் இன்செர்ட்டை வெளுக்க வைக்கலாமா?

முடியாது. வெளுக்காமல் இருப்பதற்காகவே வந்த பொருள் அது. ரோலக்ஸ் 2005-இல் ஜி.எம்.டி. மாஸ்டர் 2 வாட்சில் செராமிக் பெசலைக் கொண்டுவந்ததே வெயிலுக்கும் கீறலுக்கும் அசையாது என்று சொல்லித்தான். பழைய தோற்றம் வேண்டுமென்றால் அலுமினியம் வாங்குங்கள்.

லூமைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது எப்படி? தேயிலைத் தண்ணீர், காபி டிகாக்‌ஷன் என்கிறார்களே?

தேநீரும் காபியும் வேண்டாம். இன்றைய லூம் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்த லூமினோவா, அதன் சுவிஸ் வடிவமான சூப்பர்-லூமினோவா எல்லாம் இதே குடும்பம். இதற்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் புகுந்தால் மெல்லச் சிதைந்து ஒளி குறையும். முள்ளை டிகாக்‌ஷனில் ஊறவைத்தால் நிறம் வரும், வெளிச்சம் போகும். காபியின் அமிலம் முள்ளின் முலாம் பூச்சையும் சும்மா விடாது. அந்த வழி டிரிட்டியம் காலத்து ஆட்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு ஒளி ஏற்கெனவே போய்விட்டிருந்தது, இழக்க ஒன்றுமில்லை.

நல்ல வழி, முள்ளிலும் டயலிலும் உள்ள லூமை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது. 'ஓல்ட் ரேடியம்' போன்ற பெயர்களில் பழுப்பேறிய நிறத்திலேயே பொடி கிடைக்கிறது. இல்லையென்றால் வெள்ளைப் பொடியில், மாடல் செய்பவர்கள் வாங்கும் மேட் எனாமலில் மஞ்சள் காவியும் துளிப் பழுப்பும் ஊசிமுனையால் தொட்டுக் கலக்கலாம். எவ்வளவு நிறம் சேர்க்கிறீர்களோ அவ்வளவு ஒளி குறையும். காலையில் மணி பார்க்கும் அளவுக்கு ஒளி வேண்டுமென்றால் வெளிர் கிரீமோடு நில்லுங்கள்.

பொடியையும் வார்னிஷையும் தேன் பதத்துக்குக் குழைத்து, நடுவில் துளை உள்ள முள்ளைக் கவிழ்த்துப் பின்பக்கமாகப் பூச வேண்டும். எண்ணெய் வைக்கும் ஊசியில் ஒரு சொட்டை எடுத்துத் துளையின் ஒரு ஓரத்தில் தொட்டு மறு ஓரம்வரை இழுத்தால், பரப்பு இழுவிசையே படலமாக நிரப்பிக்கொள்ளும். ஒரு இழுப்புதான். சரியில்லை என்று திரும்பத் தொட்டால் சொரசொரப்பாகிவிடும். ஒரு நாள் தூசி படாமல் மூடிக் காயவிடுங்கள்.

டயல் புள்ளிகளுக்கும் முள்ளுக்கும் நூற்றுக்கு நூறு ஒரே நிறம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசலில் டயலை ஒருவர் செய்தார், முள்ளை வேறொருவர் செய்தார், பூச்சும் வேறு. ஐம்பது வருடத்தில் ஒன்று ஒரு படி அடர்ந்திருக்கும். புள்ளியின் விளிம்பு நடுப்பகுதியை விட லேசாக அடர்த்தி. இந்த இரண்டையும் செய்தால் போதும்.

கறுப்பு டயலைப் பழுப்பாக்க அவனில் வைக்கலாமா?

வைப்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன டோஸ்டர் அவனில் குறைந்த சூட்டில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய்ப் பக்கத்திலேயே நிற்பார்கள். பழைய டயல்களின் கறுப்பு அவ்வளவு நிலையானதல்ல, அதனால் பழுப்பாயிற்று. இன்றைய நிறமிகள் புற ஊதாக் கதிரைத் தாங்கவே செய்யப்பட்டவை. சூட்டில் நிறம் மாறும் முன் வார்னிஷ் கொப்புளிக்கும், பசையில் ஒட்டிய மணிக்குறிகள் சரியும். பத்தில் ஒன்று நன்றாக வரலாம். மீதி ஒன்பதின் படம் யாரும் போடுவதில்லை.

மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், சேதம் குறைவு. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

என்னைக் கேட்டால் டயலைச் சுடுவதை விட மேலே ஒரு மெல்லிய படலம் ஏற்றுவது மேல். மேட் வார்னிஷில் துளி அம்பர் நிறம் கலந்து ஏர்பிரஷ்ஷால் தூரத்திலிருந்து அடித்தால், வெள்ளை எழுத்துகள் கிரீம் நிறத்துக்கு வரும், கறுப்பின் கூர்மை குறையும். பழைய டயலில் முதலில் கண்ணில் படுவது எழுத்தின் அந்த நிறம்தான். முதலில் வேண்டாத டயலில் அடித்துப் பாருங்கள்; சில தின்னர்கள் அச்சு எழுத்தைக் கரைத்துவிடும். அசிட்டோனை டயல் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

புள்ளி புள்ளியான கறை வேண்டுமென்றால், நீர்த்த பழுப்புப் பெயின்ட்டைப் பழைய பல் துலக்கும் பிரஷில் தொட்டு விரலால் தெறிக்க வைக்கலாம். இரண்டு தெறிப்பு போதும்.

முள்ளின் பளபளப்பைக் குறைக்க என்ன செய்யலாம்?

வெளிச்சந்தை முட்கள் பெரும்பாலும் பித்தளை, மேலே நிக்கல் அல்லது தங்க முலாம். மூடிய டப்பாவில் வினிகர் நனைத்த பஞ்சை ஓரமாக வைத்து, முள்ளை அதில் படாமல் உயர்த்தி வைத்தால், ஆவியில் முலாம் மெலிந்த இடங்களில் சிறு புள்ளிகள் விழும். முடிந்ததும் கழுவி, பேக்கிங் சோடா கரைசலில் முக்கி, மறுபடி கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகே வாட்சுக்குள் போக வேண்டும். அமில ஈரம் துளி இருந்தாலும் மூடிய கேஸுக்குள் மெஷினின் எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கும். வெளிக்கேஸ் துருவேறாத எஃகு என்பதால் உள்ளிருக்கும் பினியனும் (சிறு பல்சக்கரம்) ஸ்பிரிங்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

அதே காரணத்துக்காக, எந்த ரசாயன வேலை நடந்தாலும் மெஷின் வேறு அறையில் இருக்கட்டும்.

ஸ்டீல் கேஸை எப்படிப் பழையதாக்குவது?

அவசரப்படாமல். சாவிக்கொத்தோடு பையில் போட்டுக் குலுக்கும் வழியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடி விழும், விளைவு ஸ்கிராப் கடையில் எடுத்தது போல இருக்கும். கையில் கட்டிய வாட்ச் அப்படித் தேயாது. வார் மாட்டும் கொம்புகளின் வெளி முனை, மேசையில் உரசும் பூட்டின் அடிப்பக்கம், கிரவுனைக் (சாவி கொடுக்கும் திருகு) காக்கும் தோள்கள், வாரைக் கழற்றி மாட்டும்போது ஸ்பிரிங் பார் (வாரைப் பிடிக்கும் சிறு கம்பி) கருவி வழுக்கிய கொம்பின் உட்பக்கம் என்று சில இடங்கள் மட்டும்தான் அடி வாங்கும். அங்கே கூர் முனைகளை நுண் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, துணியால் பாலிஷ் செய்யுங்கள். கொம்பின் விளிம்பு மழுங்கினாலே வாட்சுக்குப் பத்து வயது கூடிவிடும்.

ஃபெரிக் குளோரைடில் முக்கிக் கருக்கும் வழியும் உண்டு. சர்க்கியூட் போர்டு செய்யும் மாணவர்கள் வாங்குவதுதான். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். குளோரைடு, எஃகின் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தை உடைத்துக் குழி விழவைக்கும். துருவேறாத எஃகு குழி அரிப்பை எவ்வளவு தாங்கும் என்று ஆய்வகங்களில் சோதிப்பதும் இதே கரைசலில்தான். கடலடியில் கிடந்தது போன்ற தோற்றம் வரும், சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அசல் வாட்சில் குழிகள் இருப்பது பின்மூடியின் விளிம்பில், தண்ணீர் புகாமல் தடுக்கும் வாஷர் உட்காரும் பள்ளத்தில், வியர்வையும் உப்பும் தேங்கும் இடங்களில். கொம்பின் உச்சியில் காற்றாடக் காய்ந்து கிடக்கும் பரப்பில் குழி எப்படி வரும்?

செய்வதாக இருந்தால் கிரவுன் குழாயின் மரை, வாஷர் பள்ளம், பின்மூடி மரை மூன்றையும் நன்றாக மெழுகு பூசி மறைத்துவிடுங்கள். அங்கே அரித்தால் பிறகு தண்ணீர் தாங்காது, கை கழுவும்போது கூடப் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

வெண்கலக் கேஸ்?

இந்த வேலையில் மிகவும் சந்தோஷமான பொருள் இதுதான். தப்பு செய்தாலும் திருத்தலாம். வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா 1980-களிலேயே வெண்கலத்தில் வாட்ச் செய்தார். 2011-இல் பனேராய் நிறுவனம் வெண்கல வாட்சை வெளியிட்ட பிறகு ஊரெல்லாம் பரவியது, 2016-இல் டியூடரும் வந்தது.

சுலபமான வழி முட்டை. மெஷின், டயல், வாஷர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் கேஸை அசிட்டோனில் துடையுங்கள். இரண்டு முட்டையை நன்றாக வேகவைத்து, சூடு ஆறும் முன் மஞ்சள் கருவோடு நான்காக நறுக்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, கேஸை முட்டையில் படாமல் ஒரு மூடியின் மேல் வைத்து அடைத்துவிடுங்கள். முட்டையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்போடு வினைபுரியும். முதலில் தங்க நிறத்தின் மேல் தேன் நிறம் ஏறும், பிறகு பழுப்பு, இரவெல்லாம் விட்டால் ஊதா கலந்த கரும்பழுப்பு. டப்பாவைத் திறக்கும்போது வீட்டில் யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். இன்னும் வேகமாக வேண்டுமென்றால் வெள்ளியைக் கருக்க நகை வேலைக்காரர்கள் பயன்படுத்தும் பொட்டாசியம் சல்ஃபைடு கரைசல் இருக்கிறது. வெந்நீரில் கரைத்து முக்கினால் சில நொடிதான்.

பச்சை நிறம் வேண்டுமென்று அம்மோனியாவும் உப்பும் வைத்து ஆவி காட்டுபவர்கள் உண்டு. வருவது பொடி. சட்டைக் கையில் ஒட்டும், தோலில் ஒட்டும், ஒரு வாரத்தில் உதிரும். பழுப்பு வரைக்கும் வேண்டுமென்றே செய்துவிட்டு, பச்சையைக் கடற்கரைக் காற்றுக்கு விட்டுவிடுவது உத்தமம்.

நிறம் பிடித்த பிறகு மேடான இடங்களை மெல்லிய துணியால் தேயுங்கள். கொம்பு முனையும் பெசல் பற்களும் வெளுத்து, பள்ளங்கள் கறுத்து நிற்கும். வாங்கும்போது பின்மூடி எஃகோ டைட்டானியமோ என்று பார்த்து வாங்குங்கள். வெண்கலப் பின்மூடி மணிக்கட்டில் பச்சை வட்டம் போடும்.

வீட்டில் அப்பாவின் பழைய எச்.எம்.டி. இருக்கிறது. அதன் டயலை இன்னும் கொஞ்சம் பழசாக்கலாமா?

வேண்டாம். பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலைகளை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தத் தொழிற்சாலைகளில் வந்த ஜனதா, பைலட் மாடல்களின் அசல் டயல் இனி புதிதாக வரப்போவதில்லை. கை வைத்தால் போனது போனதுதான். சர்வீஸ் மட்டும் செய்து கட்டுங்கள். கொம்பின் அடியில் குரோம் போய்ப் பித்தளை தெரிந்தால் தெரியட்டும், அது அப்பாவின் வியர்வை.

நம் நாட்டுச் சந்தையில் இதற்கு நேர் எதிரான வேலைதான் அதிகம். பழைய எச்.எம்.டி., வெஸ்ட் எண்ட், ஃபாவ்ரே-லூபா வாட்சுகளின் டயலைச் சுரண்டி, ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் புதுப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை 'மும்பை' வாட்ச் என்றே குறிப்பிடுகிறார்கள். இங்கே பழசைப் புதுசாக்குகிறார்கள், அங்கே புதுசைப் பழசாக்குகிறார்கள்.

உண்மையான ரேடியம் டயல் கிடைத்தால் அந்தப் பொடியை எடுத்துப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. கடைத்தெருவில் இருட்டில் ஒளிரும் எதையும் 'ரேடியம்' என்கிறோம். ஸ்டிக்கர்காரர் விற்பதில் ரேடியம் கிடையாது. 1950-களின் வாட்ச் டயலில் இருப்பது நிஜ ரேடியம்-226. அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டு. வெளிச்சம் எப்போதோ அணைந்துவிட்டது, காரணம் துத்தநாக சல்ஃபைடு கெட்டுப்போனது. கதிரியக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்தப் பூச்சு உலர்ந்து பொடியாக உதிரும், மூச்சில் போனால் எலும்பில் தங்கும். அமெரிக்காவில் நியூஜெர்சியிலும் இல்லினாயிலும் டயல் வரைந்த பெண்கள், பிரஷ் முனையை உதட்டால் கூராக்கி வேலை செய்து தாடை எலும்பு அழுகி இறந்தது 1920-களிலும் 1930-களிலும் நீதிமன்றம்வரை போன வழக்கு. அந்த வாட்சைத் திறக்காதீர்கள், தேய்க்காதீர்கள்.

பெரிய நிறுவனங்களே இப்படிச் செய்கின்றனவாமே?

செய்கின்றன. லாஞ்சின் 2018-இல் வெளியிட்ட ஹெரிடேஜ் மிலிட்டரி வாட்சின் வெள்ளி டயலில் கறுப்புப் புள்ளிகளைத் தெறிக்கவிட்டிருந்தார்கள். பல் துலக்கும் பிரஷ் வேலையின் தொழிற்சாலை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒமேகா 2014-இல் கொண்டுவந்த சீமாஸ்டர் 300-இல் லூம் பழைய கிரீம் நிறம். இவற்றைக் கிண்டல் செய்பவர்கள் இருக்கிறார்கள். இன்ன வருடம் செய்தது என்று சொல்லித்தான் விற்கிறார்கள், ஆகவே எனக்கு அதில் புகார் இல்லை.

இப்படிச் செய்த வாட்சை விற்கலாமா?

"இது புது வாட்ச், நான் பழசாக்கினேன்" என்று எழுதி விற்கலாம். டயலில் பிறர் பெயர் அச்சிட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்திய வர்த்தகச் சின்னச் சட்டம் 1999-இன் கீழ் போலிச் சின்னத்துக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை உண்டு. பழசு என்று நம்பவைத்துப் பணம் வாங்கினால் அது மோசடி வழக்கு. பெயர் இல்லாத வெற்று டயலை வாங்குங்கள், தொல்லையில்லை.

பணம் அதிகம் புழங்கும் இடத்தில் இது எங்கே போய் முடிகிறது என்பதற்கு ஒரு சம்பவம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, அழகாகப் பழுப்பேறிய டயலோடு, 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். 2023-இல் ஒமேகாவே, அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது, தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் பங்கு உண்டு என்று அறிவித்தது.

செயற்கைப் பழமையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் புற ஊதா டார்ச். டிரிட்டியம் பூச்சு வெளிச்சம் பட்டால் லேசாக மினுங்கலாம், டார்ச்சை அணைத்ததும் அதுவும் சட்டென்று அடங்கும். டயலின் அடியில் 'டி சுவிஸ் டி' என்று அச்சிட்டிருந்து, லூம் கால் மணி நேரம் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தால் புதிதாகப் பூசியது என்று அர்த்தம். அந்த எழுத்து டிரிட்டியத்தைக் குறிப்பது.

அடுத்தது, பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இன்செர்ட் எலும்பாக வெளுத்திருக்கும், அதே வெயிலைப் பார்த்த டயல் கரியாக இருக்கும். கேஸ் முழுக்க அடி வாங்கியிருக்கும், கிரவுனின் பற்கள் மட்டும் கூராக நிற்கும். பெசலைக் கழற்றினால் அடியில் துளி அழுக்கு இருக்காது. பல்லாண்டு கையில் இருந்த வாட்சின் பெசலுக்கு அடியில் என்ன சேரும் என்று எந்த வாட்ச் கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள், முகம் சுளித்துக்கொண்டே சொல்வார்.

எந்தெந்த ரசாயனத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது?

பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் எதுவும் சேரக் கூடாது, குளோரின் வாயு வரும். "பிளீச்சை நடுநிலையாக்க வினிகர்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தண்ணீரே போதும். பிளீச்சோடு அம்மோனியாவும் கூடாது. பொட்டாசியம் சல்ஃபைடோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேகமாகக் கிளம்பும், அது விஷம். ஃபெரிக் குளோரைடை உலோகப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். பயன்படுத்தியதை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், எஃகிலிருந்து வந்த நிக்கலும் குரோமியமும் அதில் இருக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல்.

செய்தது பிடிக்கவில்லை. பழையபடி ஆக்க முடியுமா?

வெண்கலம் முடியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்துக் கழுவினால் பத்து நிமிடத்தில் மஞ்சளாகிவிடும், முட்டையை மறுபடி வேகவைக்கலாம். எஃகுக் கீறலைப் பாலிஷ் எடுக்கும், குழியை எடுக்காது. அக்ரிலிக் கண்ணாடிக்கு மெல்லிய பாலிஷ் பேஸ்ட் போதும். லூமைச் சுரண்டித் திரும்பப் பூசலாம். இன்செர்ட்டும் டயலும் திரும்பாது. கையில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.